தாழிக்குச் சொந்தக்காரர்

செம்மணல்விளையில் குடிநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டியபோது முதுமக்கள் தாழி ஒன்று தலைகாட்டியது. இரண்டாயிரத்து ஐந்நூறு வருடம் மண்ணுக்குள் சத்தம் காட்டாமல் இருந்துவிட்டு, ஊருக்குத் தண்ணீர் வருகிற நேரம் பார்த்து வெளியே வந்திருக்கிறதே என்று பஞ்சாயத்துத் தலைவி பொன்னுத்தாய் அதைத் திட்டிக்கொண்டிருந்தார். சொந்த நாத்தனாரைத் திட்டுகிற உரிமை அந்தக் குரலில் இருந்தது.

தகவல் கிடைத்ததும் பாளையங்கோட்டையிலிருந்து இசக்கியம்மாளும் சாகுலும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். அவர்கள் வேலை பார்ப்பது ‘தடயம்’ என்ற ஆலோசனை நிறுவனத்தில். சாலையோ, பாலமோ, தொட்டியோ, எது கட்டுவதாக இருந்தாலும் அந்த மண்ணுக்கு அடியில் பழமையான எதுவும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதும், இருந்தால் என்ன செய்யலாம் என்று வழிகாட்டுவதும் அவர்கள் தொழில். அலுவலகம் ஒரு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மேல் மாடியில். அங்கே எட்டுப் போட்டுப் பழக வருகிறவர்களில் பாதிப் பேர் வழி தெரியாமல் மாடியேறிவிடுவார்கள்; அவர்களுக்கும் மோர் கொடுத்துக் கீழே அனுப்புவது வழக்கம்.

இசக்கி குழிக்குள் இறங்கித் தாழியைச் சுற்றி மண்ணை ஒதுக்கினாள். பெரிய தாழி. இடுப்பு உயரத்துக்கு மேல் இருந்தது. மூடித்தட்டு கீறல்கூட இல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வேறு தாழிகள் இருக்கிறதா என்று சுற்றுவட்டாரம் முழுக்கத் தரையை ஆராய்ந்தாயிற்று. இல்லை. இது ஒன்றே ஒன்றுதான்.

“மேடம், பானைய எடுத்து ஓரமா வச்சிட்டு வேலையப் பாக்கக் கூடாதா?” என்றார் பொன்னுத்தாய், குழியின் விளிம்பில் குந்தியபடி.

“முன்னாடின்னா எடுத்திருக்கலாம்க்கா. இப்பம் சட்டம் வேற. உள்ள இருக்கிறவங்க வழியில வந்தவங்க யாராச்சும் உசிரோட இருந்தா, அவங்க நேர்ல வந்து ‘சரி’ன்னு சொல்லணும். அதுக்கப்புறந்தான் நகத்தவோ திறக்கவோ முடியும்.”

“இம்புட்டு வருசத்துக்கு முந்திச் செத்தவுகளுக்குச் சொந்தக்காரனா? எம்புருசன் வகையில யாரு சித்தப்பா யாரு மாமான்னே எனக்குச் சரியாத் தெரியாது.”

“அதுக்குத்தான் சாகுலைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.”

சாகுல் அலுமினியப் பெட்டி ஒன்றைத் திறந்தான். உள்ளே இருந்த கருவிக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் நீளமானது. வேலை செய்கிறவர்கள் உறவுமானி என்றுதான் சொல்வார்கள். மூடித்தட்டுக்கும் தாழிக்கும் நடுவில் இருந்த இடுக்கில் தலைமுடி கனத்தில் ஓர் ஊசியை மெல்ல உள்ளே விட்டான்.

“எலும்புல இருந்து தூசியளவு எடுக்கேன்க்கா” என்றான். “நம்ம உடம்புல அம்மா அப்பா கிட்டருந்து வந்த மரபணு இருக்குல்லா, அது அவங்க அம்மா அப்பா கிட்டருந்து வந்தது. அப்படியே போனா இவங்க வரைக்கும் போவும். ரத்ததானம் பண்ணுதவங்களோட மரபணு எல்லாத்தையும் சர்க்கார்ல பதிஞ்சு வச்சிருக்காங்க. ரெண்டையும் ஒத்துப் பாத்து, ரொம்ப நெருங்கின ஆளு யாருன்னு இது சொல்லிரும்.”

“அது பொய் சொல்லாதா?”

“இதுவரைக்கும் சொன்னதில்ல.”

மறுநாள் மதியம் விடை வந்தது. உள்ளே இருப்பது பெண். அவளுக்கு மிக நெருக்கமான வாரிசாகக் கருவி காட்டியது ஒரே ஒருவரை: வேதமணி, உடன்குடி, மைக் செட் வாடகைக்கு விடுபவர்.

*

உடன்குடியில் ஒரு காதுகுத்து வீட்டின் முன்னால் ஏணி மேல் நின்று, வேப்ப மரத்தில் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார் வேதமணி. நாற்பது வயதைத் தாண்டியவர். தொப்பையும் சிரிப்பும் ஒருசேர முன்னால் வரும் ஆள்.

“அண்ணே, கொஞ்சம் எறங்கி வாறீங்களா? உங்க சொந்தக்காரங்க ஒருத்தங்களப் பத்திப் பேசணும்” என்றாள் இசக்கி.

“ஆளு மாறி வந்துட்டிய. எனக்குச் சொந்தக்காரங்கன்னு யாரும் கெடயாது.”

“வேதமணிதான நீங்க?”

“பேரு சரிதான். ஆனா அதுவும் நாசரேத்துல அநாதை இல்லத்துக்காரவுக வச்ச பேரு. பிறந்த ரெண்டாம் நாளே ஆஸ்பத்திரி வராண்டாவுல துணியோட கெடந்தேனாம்.” இதைச் சொல்லும்போதும் அவர் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. நூறு தடவை சொல்லிப் பழகியிருப்பார் போல. “பொண்ணு பாக்கப் போன எடத்துல எல்லாம் மொதக் கேள்வியே ‘உங்க ஆளுங்க யாரு’ன்னுதான். அங்கனயே காப்பியக் குடிச்சிட்டு எந்திரிச்சு வந்துருவேன். நீங்களும் காப்பி குடிக்கீயளா?”

காப்பி வந்தது. இசக்கி விஷயத்தைச் சொன்னாள். வேதமணி டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். காப்பி ஆறிப்போயிற்று.

“எம்புட்டு தூரத்துச் சொந்தம்?” என்றார் கடைசியில்.

“ரெண்டாயிரத்து ஐந்நூறு வருச தூரம்.”

அவர் ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். “பரவால்ல. தூரத்துச் சொந்தம்னாலும் சொந்தந்தான?”

ஏணியை அப்படியே மரத்தில் சாத்தி வைத்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். காதுகுத்து வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்து, “மைக் செட்டு என்னாச்சுவே?” என்று கத்தினார். “எங்க குடும்பத்துல ஒரு விசேசம்” என்று கையாட்டிக்கொண்டே போனார் வேதமணி. வாழ்நாளில் அந்தச் சொற்களை முதல்தடவையாகச் சொன்ன சந்தோஷத்தில் வழியில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் கையாட்டினார்.

செம்மணல்விளையில் குழிக்குள் இறங்கியதும் செருப்பைக் கழற்றினார். தாழியின் தோளில் உள்ளங்கையை வைத்தார். வெயிலில் அது சூடாக இருந்தது.

“ஆத்தா” என்றார். “நல்லா இருக்கியளா?”

மேலே நின்ற பொன்னுத்தாய் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

இசக்கி மெதுவாகக் கேட்டாள். “அண்ணே, இவங்கள எடுத்து அருங்காட்சியகக் குடோனுக்குக் கொண்டு போவாங்க. அதுக்கு நீங்க சம்மதம்னு வட்டாட்சியர் முன்னால ஒரு வார்த்த சொல்லணும்.”

வேதமணி நிமிர்ந்து பார்த்தார். “இன்னைக்குத்தான் மேடம் மொதமொதல்ல பாக்கேன். இன்னைக்கே தூக்கிட்டுப் போவவான்னா எப்படி?”

நியாயமாகத்தான் பட்டது. இசக்கி கையிலிருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

அன்று முதல் வேலை முடிந்ததும் வேதமணி மொபெட்டில் செம்மணல்விளைக்கு வந்துவிடுவார். முதலில் தாழிக்கு நிழல் வேண்டும் என்று சாமியானா போட்டார். பிறகு தனக்கு ஒரு நாற்காலி. வந்து பார்ப்பவர்கள் நிற்கிறார்களே என்று அவர்களுக்கும் நாற்காலிகள். கொஞ்ச நாளில் அந்த இடம் கல்யாண வீட்டு முற்றம் மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கு எங்கெல்லாம் மைக் கட்டினார், எந்த மாப்பிள்ளைக்குத் தாலி கட்டும்போது கை நடுங்கியது, எந்த மேடையில் பேச்சாளர் ஒலிவாங்கியை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டார் என்று தாழிக்குச் சொல்வார். தாழி கேட்டதோ இல்லையோ, ஊர் கேட்டுச் சிரித்தது.

பொன்னுத்தாய் கெட்டிக்காரர். ஒப்புதல் வாங்க வேண்டிய ஆள் வீடு தேடி வந்திருக்கிறார் என்றதும் விருந்தை ஆரம்பித்துவிட்டார். ஒரு வீட்டில் கோழிக் குழம்பு, ஒரு வீட்டில் நெத்திலி அவியல், ஒரு வீட்டில் பனங்கிழங்கு. நோக்கம் என்னவோ தண்ணீர்தான். ஆனால் நாள்பட நாள்பட விருந்தில் நிஜம் கலந்துவிட்டது. “உங்க ஆத்தா இந்த மண்ணுன்னா நீங்களும் இந்த ஊருதான” என்று ஒருவர் சொன்னார். “எனக்கு அண்ணன் மொற வேணும்” என்று இன்னொருவர் முறையைக்கூட முடிவு செய்தார். வேதமணியின் நெஞ்சு நிமிர்ந்தது. வள்ளியூர்ப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனபோது, “நமக்குப் பூர்வீகம் செம்மணல்விளை. ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசக் குடும்பம்” என்று சொல்லிவிட்டாராம். அந்த வீட்டில் காப்பியோடு கேசரியும் வந்ததாம். இதை அவர் சொன்னபோது சாகுல் சிரித்துச் சிரித்துக் குழியில் விழப் பார்த்தான்.

ஆனால் அந்த ஊரில் எல்லா நாளும் சிரிப்பாக இல்லை. தண்ணீர் லாரி வருகிற நாளில் பெண்கள் வேலையை விட்டுவிட்டுக் குடங்களோடு நிற்பார்கள். ஒருநாள் லாரி வரவேயில்லை. பிள்ளைகள் குளிக்காமல் பள்ளிக்கூடம் போனார்கள். அன்று சாயங்காலம் பொன்னுத்தாய் விருந்துக்குக் கூப்பிடவில்லை. நேராகக் குழிக்கு வந்து வேதமணியின் எதிரே நின்றார்.

“தம்பி, மனசுல வச்சுக்கிட்டுப் பேச எனக்கு வராது. உங்க ஆத்தாவுக்குத் தாகமெடுக்கிற காலமெல்லாம் போயாச்சு. எங்களுக்கு எடுக்கு.”

வேதமணி எழுந்து நின்றார். முகம் சுண்டிப்போய்விட்டது.

“எனக்குத் தெரியும்க்கா. சரின்னு சொல்லணும்னு மொத நாளே தெரியும். சொல்லிட்டேன்னா கொண்டு போயிருவாவ. அப்புறம் சாயங்காலம் நான் எங்க வாறது?” நாற்காலியை மடித்துச் சாமியானாக் கம்பில் சாய்த்தார். “திங்கக்கிழம வட்டாட்சியர வரச் சொல்லுங்க. சொல்லிருதேன்.”

*

அந்த வார இறுதியில்தான் ஊடுகதிர்க் கருவி வந்து சேர்ந்தது. தூத்துக்குடி பக்கம் வேறொரு வேலைக்குப் போயிருந்த கருவி அது. தாழியைத் திறக்காமலே உள்ளே இருப்பதைப் படம் பிடித்துவிடும். அதோடு ஜெபசெல்வியும் வந்தாள். ‘தடய’த்தில் எலும்புகளைப் பற்றிய கடைசி வார்த்தை அவளுடையதுதான். குறைவாகப் பேசுபவள். எலும்பு பேசும் என்பாள்.

படத்தைத் திரையில் பார்த்ததும் அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“இசக்கி, யாரு இது ஆத்தான்னு சொன்னது?”

“ஏன்க்கா?”

“பெரிய தாழியப் பாத்துப் பெரிய ஆளுன்னு நெனச்சிட்டிய. பல்லப் பாரு, கடவாப்பல்லு இன்னும் முழுசா மொளைக்கல்ல. கை எலும்போட நுனி ஒட்டல்ல. இது சின்னப்பிள்ள. பத்து வயசு இருக்கும். மிஞ்சிப்போனா பதினொண்ணு.”

இசக்கி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பத்து வயதுப் பெண்ணுக்கு வழித்தோன்றல் எப்படி இருக்க முடியும்?

அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். நிறுவனத்தின் உரிமையாளர் நல்லபெருமாள் கேட்டதையே திரும்பக் கேட்டார். “அப்ப வேதமணி யாரு? கருவி ஏன் அவர் பேரைச் சொன்னது?”

சாகுல் அதற்குள் அவசர அவசரமாக நிறையச் சோதித்துப் பார்த்திருந்தான். தன்னுடைய ரத்த மாதிரி, இசக்கியுடையது, நல்லபெருமாளுடையது என்று கையில் அகப்பட்ட எல்லாவற்றையும் கருவிக்குக் கொடுத்திருந்தான்.

“சார், இந்தப் பிள்ளைக்கு அண்ணன் தம்பி இருந்திருக்கும், பெரியப்பா சித்தப்பா மக்க இருந்திருக்கும். அவங்களுக்குப் பிள்ளைக, அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைக. இத்தனை காலத்துல அது எங்கெல்லாமோ பரவிட்டு. வேதமணியண்ணனுக்கு எம்புட்டு ஒட்டுதோ, அம்புட்டுக்கு எனக்கும் ஒட்டுது. உங்களுக்கும் ஒட்டுது. கீழ கார் ஓட்டப் படிக்க வந்தவரு ஒருத்தரு, அவருக்கும் ஒட்டுது.”

“அவர் மாதிரியை எப்படிய்யா வாங்குனே?”

“மோர் குடுத்துத்தான் சார்.”

நல்லபெருமாள் சிரிக்கவில்லை. “அப்ப ஏன் அவரை மட்டும் காட்டுச்சு?”

“அவரு ரத்தம் குடுக்காத வருசமே கெடயாது. அதனால அவரோட பதிவு ரொம்பச் சுத்தம், ரொம்ப முழுசு. கூட்டத்துல நெறையப் பேரு நிக்கும்போது வெளிச்சத்துல நிக்கிறவன் மொகந்தான தெரியும்? கருவி அந்த மொகத்தக் காட்டிருச்சு.”

கீழே யாரோ வண்டியைக் கிளப்பி அணைத்து, கிளப்பி அணைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஜெபசெல்விதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அப்படின்னா, இதுக்கு முன்னால நாம கூட்டிட்டு வந்து, ‘இவுக உங்க முன்னோர்’னு கையக் காட்டினோமே, அவங்கள்லாம்?”

அப்படிக் கூட்டி வந்தவர்களை எல்லோருக்கும் நினைவிருந்தது. ஒரு பால் பண்ணைக்காரர் தாழியின் புகைப்படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். ஒரு தம்பதி தங்களுக்குப் பிறந்த பெண்ணுக்குத் தாழி கிடைத்த ஊரின் பெயரையே வைத்திருந்தார்கள்.

“அரசாங்கத்துக்குச் சொல்லத்தான் வேணும்” என்றார் நல்லபெருமாள் பெருமூச்சோடு. “கருவிய நிறுத்தச் சொல்லியும் சொல்லணும். நம்ம பேரு கொஞ்ச நாளைக்கு நாறும். பரவாயில்ல. ஆனா இசக்கி, வேதமணி விஷயம்? திங்கக்கிழம அவரு சரின்னு சொல்லப் போறாரு. சொல்லிட்டுச் சந்தோஷமாப் போவட்டுமே. வாரிசே இல்லைன்னா வட்டாட்சியரே முடிவெடுக்கலாம்னு சட்டத்துல இருக்கு. எப்படியும் தாழி போகத்தான போவுது. அந்த மனுசன்கிட்ட இருந்து எதுக்கு இதப் புடுங்கணும்?”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று இசக்கிக்குத் தெரியும். அவளுக்கும் அந்த ஆசை இருந்தது. ஒரு மனிதன் முதல்தடவையாக ‘எங்க குடும்பம்’ என்று சொன்னபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“புடுங்கறதுன்னு இல்ல சார்” என்றாள். “நாம குடுத்ததே நமக்குச் சொந்தமில்லாத ஒண்ணு. நானே போய்ச் சொல்லுதேன்.”

*

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். வேதமணியின் கிடங்கில் ஒலிபெருக்கிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. அவர் ஒரு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் வட்டாட்சியர் முன்னால் நிற்பதற்காக.

இசக்கி சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சாகுல் சொன்னதை, ஜெபசெல்வி சொன்னதை, தாங்கள் செய்த தவறை. சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரின் திருகுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேதமணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“அப்ப அவுக என் ஆத்தா இல்ல.”

“இல்லண்ணே.”

“நான் செம்மணல்விளைக்காரன்னு சொன்னது…”

“அது பொய்யும் இல்லண்ணே, உறுதியும் இல்ல. எங்கள மன்னிச்சிருங்க.”

வெளியே ஒரு ஐஸ்வண்டி மணியடித்துக்கொண்டு போனது. இசக்கிக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

“அந்தப் பிள்ளைக்கு என்ன வயசுன்னு சொன்னிய?”

“பத்து இருக்கும்.”

“பக்கத்துல வேற தாழி ஒண்ணுமே இல்லன்னீங்கள்லா? அம்மா, அப்பா, யாரும்?”

“தேடிப் பாத்தாச்சு. அந்தப் பிள்ள மட்டுந்தான் தனியா இருக்கு.”

வேதமணி சட்டையை எடுத்து உதறினார். மடித்தார். மறுபடியும் உதறினார். பிறகு, எதிர்பாராத விதமாக, அவருக்கு மெல்லச் சிரிப்பு வந்தது.

“நான் ஒரு கிறுக்கன் மேடம். இத்தன நாளா அவுக பெரியவுக, நான் சின்னவன்னு நெனச்சுப் போய் உக்காந்து கதையா சொல்லிட்டிருந்தேன். இப்பப் பாத்தா, நாந்தான் பெரியவன்.”

இசக்கிக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்.

“எங்க இல்லத்துல ஒரு பழக்கம். புதுசா ஒரு சின்னப்பிள்ள வந்தா, மொத நாளு யாராச்சும் ஒரு பெரிய பையனோ பொண்ணோதான் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவணும். எங்க படுக்கணும், எங்க தட்டுக் கழுவணும், எந்த நாய் கடிக்கும், எது கடிக்காதுன்னு காட்டணும். தொட்டில் பிள்ளைக அறையில இருந்து பெரிய பிள்ளைக பக்கம் மாத்தின அன்னைக்கு, என்னய கூட்டிட்டுப் போனது ஜோசப்புன்னு ஒரு அண்ணன். அதுக்கப்புறம் நான் எத்தன பேரக் கூட்டிட்டுப் போயிருப்பேன்னு கணக்கே இல்ல. அதுக்கு ரத்தமெல்லாம் யாரும் பாக்கல்ல.” சட்டையைக் கம்பியில் மாட்டினார். “நாளைக்கு நான் வரலாமா? எங்கிட்ட யாரும் கேக்க வேண்டியதில்லன்னு தெரியுது. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லணும்.”

*

திங்கட்கிழமை வட்டாட்சியர் அம்மா வந்தார். விவரம் முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வேதமணி சொந்தக்காரர் இல்லை என்றதும் ஒரு சலசலப்பு எழுந்தது. பொன்னுத்தாய் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டது.

“சட்டப்படி உங்க ஒப்புதல் தேவையில்ல, வேதமணி” என்றார் வட்டாட்சியர். “ஆனா இத்தனை நாள் நீங்கதான் பாத்துக்கிட்டீங்க. ஏதாவது சொல்லணுமா?”

“ஒரே ஒரு வேண்டுகோள் மேடம். எடுத்துட்டுப் போங்க. தண்ணி வரட்டும். ஆனா குடோன்ல வைக்க வேண்டாம். இருட்டு, பாச்ச, நம்பர் போட்ட அலமாரி. சின்னப்பிள்ள அங்க தனியாக் கெடக்கக் கூடாது. இவளப் போல ஆளுங்க இருக்கிற எடம் எங்கயாச்சும் இருக்கா?”

வட்டாட்சியர் இசக்கியைப் பார்த்தார். இசக்கி நல்லபெருமாளைப் பார்த்தாள். நல்லபெருமாள் தொண்டையைச் செருமினார்.

“கல்லாம்பறம்புல இருக்கு மேடம். பாதுகாக்கப்பட்ட மேடு. அங்க நூத்துக்கணக்குல தாழி இருக்கு. பெரியவங்க, பிள்ளைங்க எல்லாரும். இதே காலம். அங்க மறுபடியும் புதைக்கலாம்னு நாங்க பரிந்துரை எழுதித் தர்றோம்.”

“அங்க ஆளு இருக்காவன்னா சரி” என்றார் வேதமணி, ஏதோ பள்ளி விடுதியைப் பற்றி விசாரித்தவர் போல.

அந்த வார இறுதிக்குள் எல்லாம் ஏற்பாடாகிவிட்டது. தாழியைத் தூக்குகிற அன்று ஊரே வந்துவிட்டது. என்ன சடங்கு செய்வது என்பதில் பெரிய வாக்குவாதம். தேங்காய் உடைக்கலாம் என்றது ஒரு கூட்டம். வேதமணியின் இல்லத்திலிருந்து வந்தவர்கள் ஒரு பாட்டுப் பாடலாம் என்றார்கள். ‘ஓதலாமா?’ என்று சாகுலிடமும் ஒருவர் கேட்டார். ஜெபசெல்வி, “இந்தப் பிள்ள காலத்துல உங்க யாரோட சாமியும் இந்தப் பக்கம் பஸ் ஏறியிருக்காது” என்றாள். அவள் பேசியதே அதிசயம் என்பதால் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

“பத்து வயசுப் பிள்ளைக்கு என்ன குடுப்பாவ? மிட்டாய்தான்” என்று பொன்னுத்தாய் தீர்ப்புச் சொன்னார். கருப்பட்டி மிட்டாய் வாங்கி வரச்சொல்லி, ஒரு கை அள்ளித் தாழிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மீதியைப் பிள்ளைகளுக்கெல்லாம் பங்கு போட்டார். வேதமணிக்கு இரண்டு பங்கு கிடைத்தது. “எப்பம் வேணும்னாலும் சாப்பாட்டுக்கு வாங்க தம்பி. ஆத்தா போனா என்ன, அண்ணன் மொறைய நாங்க வாபஸ் வாங்கல்ல” என்றார். வேதமணி மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

தாழியைச் சாக்கும் பஞ்சும் சுற்றி லாரியில் வைக்கோல் படுக்கையில் இறக்கினார்கள். வேதமணி மேலே ஏறி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையால் அணைத்துக்கொண்டார். இசக்கியும் சாகுலும் எதிரே உட்கார்ந்தார்கள். லாரி புறப்பட்டது.

“மெதுவாப் போங்கண்ணே, வேகத்தட இருக்கு” என்று வேதமணி ஓட்டுநர் அறையைத் தட்டினார். கொஞ்ச தூரம் போனதும், “பள்ளம் வருது, பாத்து” என்று மறுபடியும் தட்டினார். லாரி மாட்டுவண்டி வேகத்துக்கு வந்துவிட்டது.

பின்னால் ஒரு பேருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சாலை குறுகல், முந்த இடமில்லை. அதன் ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. வேதமணி ஒரு கையைத் தாழியின் மேல் வைத்தபடியே எழுந்து நின்றார்.

“ஏ, பொறுங்கவே! பிள்ள இருக்கு இங்க!”

ஹாரன் சட்டென்று நின்றது. பேருந்தின் ஜன்னல்களில் தலைகள் முளைத்தன. நடத்துநர் படிக்கட்டில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். சாக்கில் சுற்றிய உருண்டையைத் தவிர அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

“யாரு பிள்ளண்ணே?”

வேதமணி யோசிக்கவே இல்லை.

“நம்ம பிள்ளதான்வே.”

இசக்கி சாகுலைப் பார்த்தாள். பேருந்தின் ஜன்னல்களில் நெருக்கியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்த முகங்களை அவன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கணக்குச் சரிதான்க்கா. இவங்களுக்கும் ஒட்டும்” என்றான்.

நடத்துநர் உள்ளே திரும்பி ஓட்டுநரிடம் ஏதோ சொன்னார். பேருந்து கொஞ்சம் பின்வாங்கி, இடைவெளி விட்டு வந்தது. கல்லாம்பறம்பு விலக்கு வரும்வரை அது ஹாரன் அடிக்கவும் இல்லை, முந்தவும் இல்லை.